விளம்பர விலைக்கே கொடுத்தேன்

சோபா கொஞ்சம் தாழ்வாக இருக்க வேண்டும், ஐயா. கார் ஷோரூம் நடத்துகிற எல்லோருக்கும் இது தெரியும். தாழ்வான சோபாவில் உட்கார்ந்தவருக்கு எழுந்திருக்கச் சோம்பலாக இருக்கும். அவர் எழுவதற்குள் காபி வந்துவிடும். காபியைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு போக யாருக்கும் மனம் வராது. எங்கள் கடை சோபாவைத் தேடிப்பிடித்து வாங்கியது நான்தான். விற்பனை மேலாளர் என்றால் கார் மட்டும் விற்கிறவன் என்று நினைக்கிறார்கள். நான் சோபாவிலிருந்து காபியின் சூடு வரைக்கும் பார்த்துக்கொண்டேன்.

நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஒர்க்ஷாப் ஃபோர்மேனை உள்ளே வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த மனிதர் மேல் தப்பில்லை. ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். எனக்குப் பொய் ஒத்துவராது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடலாம் என்று வந்தேன். வேகமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நாளாகவே இப்படித்தான். பயம்தான், வேறொன்றும் இல்லை.

முதலில் விளம்பரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அரைப் பக்க விளம்பரத்தில் விலை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அடியில் எறும்பு ஊர்கிற அளவில் சில வரிகள் இருக்கும். இருப்பு உள்ளவரை, குறிப்பிட்ட வண்டிக்கு மட்டும், படத்தில் இருப்பது வேறு மாடல் என்று. அந்த வரிகளை எழுதுவதும் நான்தான். அந்த விலைக்கு ஒரு வண்டியாவது கடையில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். ஆகவே ஒன்று வைத்திருந்தோம். வெள்ளை வண்டி, இருப்பதிலேயே சின்னது. தினமும் குளிப்பாட்டித் துடைத்து ஓரமாக நிறுத்திவிடுவார்கள். வேலை வெட்டி கிடையாது, வாசலைத் தாண்டியதும் கிடையாது. அதனால் ஒர்க்ஷாப்பில் அதற்கு வீட்டோட மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த மாப்பிள்ளையை யாருக்கும் கொடுக்கக் கூடாது. அதற்கும் ஒரு முறை வைத்திருந்தேன். காலையில் கடை திறந்ததும் என் மச்சான் அந்த வண்டிக்கு முன்பணம் கட்டுவான். கடை மூடும்போது வேண்டாம் என்று திரும்ப வாங்கிக்கொள்வான். நடுவில் யாராவது விளம்பரத்தை நீட்டினால், "அடடா, காலையிலதாங்க ஒருத்தர் புக் பண்ணிட்டார்" என்று சொல்வேன். அது உண்மைதானே. மற்ற கடைகளில் யாருமே புக் பண்ணாமல் இதைச் சொல்வார்கள். நான் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

விற்காத வண்டி என்பதால் ஒர்க்ஷாப்பில் அதை ஒரு கடனாளி வீடு மாதிரி ஆக்கிவிட்டார்கள். வேறொரு வண்டிக்கு உதிரிபாகம் வர நாளானால், மாப்பிள்ளையிடமிருந்து கழற்றிப் போட்டுவிட்டு, பழையதை அதில் மாட்டிவைப்பார்கள். ஹாரன் போனது, பேட்டரி போனது. ஒருநாள் மாஸ்டர் சிலிண்டரும் போனது. பிரேக்கை மிதித்தால் எண்ணெயைச் சக்கரத்துக்குத் தள்ளுகிற பாகம் அது. ஃபோர்மேன் என் அறைக்கே வந்து சொன்னார்.

"சார், தேஞ்சு போன பழசு ஒண்ண மாட்டி வச்சிருக்கேன். கடைக்குள்ள நகர்த்தறதுக்குப் போதும். பிரேக் கொஞ்ச தடவ பிடிக்கும், அப்புறம் மிதிச்ச கால் தரையத் தொட்டுடும். ரோட்டுக்கு மட்டும் எடுத்துடாதீங்க."

சொன்னதோடு நிற்காமல் ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியையும் கட்டிவிட்டார். அவர் அப்படிப்பட்ட மனிதர். துணி கட்ட மறந்துவிட்டார் என்று நீங்கள் எழுதியிருந்தால் அதை அடித்துவிடுங்கள்.

அந்தப் பெண் வந்த அன்று என் மச்சானுக்குக் காய்ச்சல். முன்பணம் கட்டப்படவில்லை. விளம்பரத்தை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தார். பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிற வேலையாம். "இந்த விலைக்கு இந்த வண்டி வேணும் சார்" என்றார். அன்றைக்கும் வழக்கம்போல ஒருத்தர் புக் பண்ணிவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது பொய்யாகிவிடும். அதனால் பார்த்துச் சொல்கிறேன், உட்காருங்கள் என்றேன்.

உட்கார வைத்தால் பாதிப் பேர் போய்விடுவார்கள், மீதிப் பேர் பெரிய வண்டிக்கு இறங்கிவருவார்கள். இந்தப் பெண் இரண்டும் செய்யவில்லை. காபி கொடுத்தேன், குடித்தார். ஏசியைக் கூட்டிக் குளிர வைத்தேன், பையிலிருந்து சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார். பெரிய மாடலைக் காட்டினேன், அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டார். மதியச் சாப்பாட்டு வேளையும் தாண்டிவிட்டது.

"ரொம்ப நேரம் ஆகும் போல இருக்கு மேடம்" என்றேன்.

"பரவால்ல சார். டாக்டர் இப்ப வந்துடுவார்னு சொல்லி ஆளுங்கள உக்கார வைக்கிறதுதான் எனக்கு வேலையே. இந்தச் சோபாவும் எங்க ஆஸ்பத்திரி சோபா மாதிரியே இருக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பக்கத்து மேஜையில் ஒரு வயதான தம்பதி பெரிய மாடலுக்குக் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்திருந்தார்கள். அந்த வீட்டுக்காரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஏம்ப்பா, அவங்களுக்குக் குடுத்தா எங்களுக்கும் அதே விலைதானே?" என்று கேட்டார். மாடிக் கண்ணாடி அறையிலிருந்து முதலாளி கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணை முதலில் அங்கிருந்து கிளப்ப வேண்டும் என்பதற்காகக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆயிருக்கு சார். பஸ்ல ஏற முடியாம வீட்டுக்குள்ளயே கெடக்காங்க. உங்க புண்ணியத்துல வெளிய கூட்டிட்டுப் போவேன்" என்றார்.

அத்தோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. வண்டியைப் பதிவு செய்து கொடுக்கச் சில நாள் ஆகும் அல்லவா? அந்தச் சில நாளில் அவர் பல் பிடுங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். மறுநாளே ஒருத்தர் விளம்பரத்தோடு வந்து சோபாவில் உட்கார்ந்தார். கன்னம் வீங்கியிருந்தது. அடுத்த நாள் ஒரு குடும்பமே வந்தது. "பல் ஆஸ்பத்திரி மேடம் சொன்னாங்க. அசையாம உக்காந்தா குடுத்துடுவாங்களாமே" என்றார்கள். சோபாவில் இடமில்லாமல் நாற்காலி போட வேண்டியதாயிற்று. யாரும் சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை. சும்மா என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்படி ஒரு பயத்தை நான் அதுவரை பட்டதில்லை, ஐயா. வீட்டுக்குப் போனால் சோறு இறங்கவில்லை. கூடத்தில் யாராவது உட்கார்ந்திருந்தாலே திடுக்கென்றது. என் மனைவி சும்மா உட்கார்ந்து காய் நறுக்கினாலும் எழுந்து போ என்று எரிந்து விழுந்தேன்.

வந்தவர்கள் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். "மொதல்ல அந்த மேடத்துக்குக் குடுங்க. அவங்க வண்டி எப்படி ஓடுதுன்னு பாத்துட்டு வர்றோம்." முதலாளி என்னை மேலே கூப்பிட்டார்.

"ஒருத்திக்குக் குடுக்கறேன்னே, இப்ப ஊரே கை நீட்டுது. இத எப்படியாவது நிறுத்து. இல்லேன்னா நீ நின்னுக்கோ."

எப்படி என்று அவர் சொல்லவில்லை. அவரையும் இதில் இழுக்காதீர்கள். யோசித்தது நான்தான். நிதானமாக யோசித்தேன். கொடுக்க மாட்டேன் என்றால் அந்தப் பெண் மறுபடி வந்து உட்காருவார், கூட இருபது பேர் உட்காருவார்கள். நல்ல வண்டியாகக் கொடுத்தால் நூறு பேர் உட்காருவார்கள். ஆக, கொடுக்கவும் வேண்டும், அந்த விலைக்கு வாங்கின வண்டி எப்படிப்பட்டது என்று ஊருக்குத் தெரியவும் வேண்டும். வியாபாரத்தில் இதை வாடிக்கையாளருக்குப் புரிய வைப்பது என்று சொல்வோம்.

நடுவில் புது மாஸ்டர் சிலிண்டர் வந்தது. "மாப்பிள்ளைக்கு மாட்டிடட்டுமா சார்?" என்று ஃபோர்மேன் கேட்டார். அவசரமில்லை, அந்த வண்டி அடுத்த வாரம்தான் போகிறது, இதை வேறொருத்தர் வண்டிக்குப் போடுங்கள் என்றேன். வண்டியைக் கொடுக்கிற அன்று அவரை எங்கள் இன்னொரு கிளைக்கு அனுப்பிவைத்தேன். வண்டியைச் சோதித்துப் பார்த்தாயிற்று என்று அவர் போட வேண்டிய கையெழுத்தை நானே போட்டேன். அது பொய்க் கையெழுத்து என்று சொல்லாதீர்கள். அவர் ஊரில் இல்லை, அவசரத்துக்குப் போட்டது.

சிவப்புத் துணியை அவிழ்த்ததும் நான்தான். முடிச்சு இறுக்கமாக இருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன்.

அன்று அந்தப் பெண் தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் ஊன்றுகோலோடு மெதுவாக நடந்து வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். கதவைத் தடவிக் கொடுத்தார். நானே கைத்தாங்கலாகப் பிடித்து முன் இருக்கையில் உட்கார வைத்து பெல்ட்டும் போட்டுவிட்டேன். "சொன்ன சொல்ல காப்பாத்தினியே தம்பி. இந்தக் காலத்துல யார் இப்படி இருக்கா? நீ நல்லா இருப்பே" என்றார். நன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பூங்கொத்து கொடுத்தோம், படம் எடுத்தோம். விளம்பர விலைக்கே கொடுத்தோம் என்று அந்தப் படத்தை அடுத்த விளம்பரத்தில் போடலாம் என்று பையன்களில் ஒருத்தன் சொன்னான். பார்க்கலாம் என்றேன்.

எங்கள் கடையிலிருந்து அவர்கள் வீட்டுக்குப் போக இரண்டு வழி. பின்பக்கம் சமதளமான தெரு, கொஞ்சம் சுற்று. முன்பக்கம் நேர் இறக்கம், முடிகிற இடத்தில் பெரிய சிக்னல். லாரிகள் குறுக்கே போகும். "எந்தப் பக்கம் சார் போகட்டும்? நான் ஓட்டக் கத்துக்கிட்டது இப்பத்தான்" என்று கண்ணாடியை இறக்கிக் கேட்டார்.

"நேரா எறங்கிடுங்க மேடம். அதுதான் கிட்ட."

மற்றது உங்களுக்குத் தெரியும். அம்மா அந்த இடத்திலேயே போய்விட்டார். மகளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை என்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு ஆள் அனுப்பினார். "வண்டியில ஒரு குறையும் இல்லன்னு சார்கிட்ட சொல்லச் சொன்னாங்க. அவங்களுக்குத்தான் ஓட்டத் தெரியலையாம். உங்க பேரு கெட்டுடக் கூடாதுன்னு அழுதுட்டே இருக்காங்க" என்றார் வந்தவர். மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம் என்று பதில் சொல்லி அனுப்பினேன். பழமும் வாங்கிக் கொடுத்தேன்.

விபத்துக்கு மறுநாளே சோபா காலியாகிவிட்டது. கன்னம் வீங்கினவர் மட்டும் வந்தார், விளம்பரம் கையில் இல்லை. "அந்த விலை வண்டியெல்லாம் வேணாம் சார், காசு கூடப் போனாலும் நல்லதா ஒண்ணு காட்டுங்க" என்றார். காட்டினேன். அன்றே வாங்கிக்கொண்டு போனார்.

நான் யாரையும் ஏமாற்றவில்லை, ஐயா. கேட்ட விலைக்குக் கேட்ட வண்டியைக் கொடுத்தேன். சாகடிக்க வேண்டும் என்று நினைத்தாயா என்று கேட்கிறீர்கள். இல்லை. வண்டி எங்காவது இடித்து நிற்கும், ஊர் பேசும், அதுதான் என் கணக்கு. அவர்களை நினைத்து நான் பட்ட பயம் எனக்குத்தான் தெரியும். வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கேட் அருகே வாட்ச்மேனுக்காக அந்தப் பெண் நிறுத்தினார், பிரேக் பிடித்தது. எனக்கு வியர்த்துக் கொட்டியது. பாதி இறக்கத்தில் ஒரு வேகத்தடை இருக்கிறது. அங்கே பின்னால் பிரேக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது, வண்டி நிதானமாக ஏறி இறங்கியது. என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது. தூணைப் பிடித்துக்கொண்டேன். அதற்கப்புறம் அந்தச் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே சிக்னல் வரைக்கும் போனது, வேகம் மட்டும் குறையவே இல்லை.

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.