நாற்றுக்குக் காற்று

மிளகாய் விதையை முளைக்க வைப்பதில் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. ஈரத்துணியில் மடித்து ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜின் தலைமேல் வைத்துவிட்டு மறந்துபோனாலும் அது பாட்டுக்கு முளைத்துவிடும். முளைத்த பிறகு வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்ப்பதுதான் உயிரை வாங்கும் வேலை. இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். எழுதிக்கொள்ளுங்கள் சார். இது தெரியாவிட்டால் மற்றது உங்களுக்குப் புரியாது.

வீட்டுக்குள் ஏன் வளர்த்தேன் என்றால், மண்ணூர்பேட்டையில் எங்கள் அடுக்ககத்தின் மொட்டைமாடிச் சாவி செயலாளர் கலியமூர்த்தியின் இடுப்பில் இருக்கிறது. தொட்டி வைத்தால் தளம் ஒழுகும் என்று யாருக்கும் கொடுக்க மாட்டார். பால்கனியில் வைத்தால் புறா பிடுங்கிப் போடுகிறது. ஆகவே ஹாலில் ஒரு இரும்பு ரேக், ஒவ்வொரு தட்டின் மேலும் எல்.இ.டி. விளக்கு, பக்கத்தில் ஒரு மேசை ஃபேன். சிரிக்காதீர்கள். நாற்றுக்குக் காற்று வேண்டும். அசைந்தால்தான் தண்டு தடிக்கும், மேல்மண் காயும். காயாவிட்டால் நாற்றழுகல் வந்துவிடும். முந்தைய நாள் நிமிர்ந்து நின்றது காலையில் அடித்தண்டு நூலாகி மண்ணில் படுத்துக் கிடக்கும். அப்புறம் எதைச் செய்தும் எழுப்ப முடியாது.

நான் பாடியில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தவன். தேறாததைத் தனியே எடுத்து ஒதுக்குவதுதான் வேலை. ஓய்வு பெற்றபோது கூட வேலை பார்த்த இருதயராஜ், மணிப்பூரிலிருந்து கொண்டுவந்த மிளகாய் விதையைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. சொன்னபடி கேட்கிற ஒன்று வீட்டில் வளர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பேராசை என்று நீங்களும் சொல்ல மாட்டீர்கள்.

வீட்டில் என்னோடு இருந்தது என் அக்கா வனஜா. மாமா இறந்த பிறகு முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஒரு பையோடு வந்தாள். ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். நானும் நம்பினேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பாலிஷ் பட்டறையில் பல வருஷம் தூசியைத் தின்று அவள் நுரையீரல் கெட்டிருந்தது. கடைசி இரண்டு வருஷமாக ஆக்ஸிஜன் மெஷின் இல்லாமல் அவளால் இருக்க முடியாது. மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டு, அந்தக் குழாய் எவ்வளவு தூரம் நீளுமோ அவ்வளவு தூரம் நடமாடுவாள். ரேக் வரைக்கும் நீளும். அதுதான் கஷ்டகாலம்.

அரிசி களைந்த தண்ணீரை அவளால் சாக்கடையில் கொட்ட முடியாது. எங்கள் வீட்டுப் பெண்கள் யாராலும் முடியாது. காலையில் உலை வைத்த கையோடு அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து என் நாற்றுத்தட்டில் ஊற்றிவிடுவாள். கஞ்சித்தன்மை உள்ள தண்ணீர் அது. மண்ணோடு கலந்த தேங்காய்நார்த் தூளின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை படரும், கண்ணுக்குத் தெரியாத ஈ மொய்க்கும்.

"இன்னாடா, மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற? சத்து தண்ணிடா அது. அம்மா முருங்கைக்கு ஊத்துவாளே, பாத்ததில்ல?"

"அது மரம்க்கா. இது நாத்து. மேல ஊத்தாத. நான் அடித்தட்டுல ஊத்திக்கிறேன், வேரு கீழருந்து உறிஞ்சிக்கும்."

"செரி, ஊத்தல போ."

மறுநாள் பார்த்தால் தட்டு வெள்ளைவெளேர் என்று இருக்கும். ஃபேனையும் விட மாட்டாள். "எனக்கே காத்து பத்தல, இவன் செடிக்கு ஃபேன் போட்டுகினு கீறான்" என்று சிரித்துக்கொண்டே அணைத்துவிடுவாள். எதிர்வீட்டு ஜெபா வந்தால், கண்பட்டுவிடும் என்று நாற்றுகளின் மேல் ஈரத் துண்டைப் போட்டு மூடுவாள். ஜெபா நல்ல பெண், பாவம். அவள் போன பிறகும் அக்கா துண்டை எடுக்க மறந்துவிடுவாள். புழுங்கிச் செத்தது எத்தனை என்று எனக்குத்தான் தெரியும்.

முதல் ஈடு நாற்று அப்படிப் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. இருதயராஜ் கொடுத்த பொட்டலத்தில் மிச்சம் இருந்ததை எல்லாம் மூன்றாவதாகப் போட்டேன். இனி விதை இல்லை அக்கா, தொடாதே என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன். நான் ஒருநாளும் குரலை உயர்த்தவில்லை. ஜெபாவைக் கேட்டுப் பாருங்கள், அவளே சொல்வாள். வேண்டுமென்று செய்தால் சண்டை போடலாம். அன்பாகச் செய்கிறவளை என்ன செய்வது? அந்த எரிச்சலை வெளியில் எடுத்துச் சொல்லக்கூட வழியில்லை. சொன்னால் நோயாளி அக்காவைத் திட்டுகிறான் என்பார்கள்.

இன்வெர்ட்டர் விஷயத்துக்கு வருகிறேன். அதை மாட்டிய அருள் அன்றைக்கே தெளிவாகச் சொல்லிவிட்டான். "அண்ணாத்தே, இந்த பாயிண்ட்ல அக்கா மெஷின் மட்டும்தான். வேற எதுனா சேத்து போட்டா ட்ரிப் ஆயிடும்." அவசரத்துக்கு ஒரு சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டரும் இருந்தது. போன மழையில் கரண்ட் போனபோது அது தீர்ந்துவிட்டது. நிரப்பிக்கொண்டு வருவது என் பொறுப்பு. அதற்குப் பிறகு அம்பத்தூர் மார்க்கெட்டுக்குப் பலமுறை போனேன், நார்த்தூள் வாங்கினேன், பேப்பர் கப் வாங்கினேன். சிலிண்டர் மறந்துபோயிற்று என்று அக்கா மகள் விஜியிடம் போனில் சொன்னேன். மறக்கவில்லை.

அன்று பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மதியம் வரை மின்தடை என்று முன்கூட்டியே செய்தி வந்திருந்தது. நாற்றுகளைப் பேப்பர் கப்புக்கு மாற்ற அதுவே சரியான நாள். முதல் இரண்டு இலைகளுக்கு மேல், மிளகாய் இலை என்று சொல்லத்தக்க இலைகள் வந்திருந்தன. அவ்வளவு தூரம் எந்த ஈடும் வந்ததில்லை. குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், மேல்தட்டில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஒரு மூலையில் நாற்றுகள் சாய்ந்து கிடக்கின்றன. அக்கா கையில் அலுமினியக் கிண்ணம்.

"கொஞ்சூண்டுதாண்டா ஊத்துனேன். வாடிக் கிடந்துச்சு."

எனக்குக் கோபம்கூட வரவில்லை, அழுகைதான் வந்தது. அறுபது வயசில் மிளகாய் நாற்றுக்காக அழுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. அவள் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி சிங்க்கில் வைத்தேன். அவள் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். கரண்ட் போயிற்று. இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது, மெஷின் எப்போதும்போல ஓடியது.

தண்ணீர் தேங்கிய தட்டுக்குக் காற்று வேண்டும், உடனே வேண்டும். அதை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஹாலில் இருந்த இன்வெர்ட்டர் பாயிண்டிலிருந்து மெஷினின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு ரேக்கின் ப்ளக்கைச் செருகினேன். விளக்குகள் எரிந்தன, ஃபேன் சுற்றியது.

உள்ளே மெஷின் கீ கீ என்று கத்தத் தொடங்கியது. நான் தரையில் செய்தித்தாளை விரித்து வேலையை ஆரம்பித்தேன். நாற்றை மாற்றும்போது தண்டைப் பிடிக்கக் கூடாது சார். தண்டு நசுங்கினால் அது பிழைக்காது. இலையைப் பிடிக்க வேண்டும், இலை போனால் வேறு இலை வரும். புதியவர்கள் செய்யும் தப்பே அதுதான்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படி வரை வந்தாள். உதடு நிறம் மாறியிருந்தது. ஃபேனைப் பார்த்தாள், ப்ளக்கைப் பார்த்தாள். அவளுக்குப் புரியாமல் இல்லை.

"டில்லி... ப்ளக்க மாத்திப் போடு நைனா. முடியல."

"இதோக்கா. இந்தத் தட்ட முடிச்சிட்டுப் போடுறேன். போய் உக்காரு."

"செரி" என்றாள். திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் செய்துவிடுவேன் என்று காத்திருந்தாள்.

மெஷின் சத்தம் தொந்தரவாக இருந்தது. எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்தினேன். அதன் பிறகு இரண்டு முறை என் பெயரைச் சொன்னாள். கொஞ்ச நேரம் டம்ளரால் கட்டில் சட்டத்தைத் தட்டினாள். பலமாகத் தட்டவில்லை, ஜெபாவுக்குக் கேட்டிருக்காது. அப்புறம் தட்டவில்லை. நான் எல்லா நாற்றையும் கப்புக்கு மாற்றினேன், அடித்தட்டில் தண்ணீர் ஊற்றினேன், செய்தித்தாளைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன். அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தேன்.

மதியம் கரண்ட் வந்தது. ப்ளக்குகளை முன்பிருந்தபடி மாற்றினேன். பிறகு ஜெபாவைக் கூப்பிட்டேன், ஆம்புலன்சுக்குச் சொன்னேன். இன்வெர்ட்டர் கைவிட்டுவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன், எல்லாரும் நம்பினார்கள். அன்று நான் அழுதது நடிப்பில்லை. என் கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான்.

விஜி மட்டும் விடவில்லை. காரியம் முடிந்த கையோடு அருளைக் கூட்டிவந்து காட்டினாள். அவன் இன்வெர்ட்டரைத் திறந்து பார்த்துவிட்டு, "பேட்டரி சூப்பரா கீது, மிஷினிலயும் ஒரு கோளாறும் இல்ல. அப்புறம் எப்டி நின்னுச்சு?" என்று என்னைப் பார்த்தான். அன்று சாயங்காலமே விஜி ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்துவிட்டாள். தாயை இழந்தவள், வேறென்ன செய்வாள். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

நாற்றுகளை இப்போது யார் பார்க்கிறார்களோ தெரியவில்லை. தண்ணீரை அடித்தட்டில் மட்டும் ஊற்றச் சொல்லி ஜெபாவிடம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

நீங்கள் கோபப்படாமல் கேட்கிறீர்கள். அதனால் நானும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அக்கா செத்துப்போவாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் ப்ளக்கைப் பிடுங்கினேன். ஒரு உயிரைக் காப்பாற்ற இன்னொன்றை விட வேண்டிய கட்டாயம் என்று நினைத்துத்தான் செய்தேன். எந்த உயிர் என்பதில் தப்பு நடந்துவிட்டது என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

மதியம் வரை விளக்கும் ஃபேனும் இல்லாமல் இருந்தால் அந்த நாற்றுகள் செத்துப்போயிருக்குமா என்று கேட்டீர்கள். இல்லை சார், செத்திருக்காது. தினமும் படுக்கப் போகும்போது நானேதான் இரண்டையும் அணைத்துவிட்டுப் போவேன்.