ஆறாவது கோரிக்கை உப்பு

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் துணி வெட்டும் பிரிவின் மூத்த சகோதரர் அவர்களே! மேடையில் இடம் போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் சங்கப் பொறுப்பாளர்களே! வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல், இடுப்பில் பிள்ளையும் தோளில் பையுமாக நேரே இங்கு வந்திருக்கும் தாய்மார்களே! பதினோரு நாளாக ஆலை வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டும் வாய் திறக்காத என் முப்பத்தெட்டுத் தங்கைகளே! வணக்கம். எதிரே வேனுக்குள் இருந்து நம்மைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும் நிர்வாகத்துத் தம்பிக்கும் வணக்கம். என் முகத்தைத் தெளிவாக எடு தம்பி, பின்னால் வேலை இருக்கிறது!

நம் கோரிக்கைகள் ஆறு. காற்று கேட்டோம். கழிப்பறை கேட்டோம். குடிக்கத் தண்ணீர் கேட்டோம். கர்ப்பிணிகளுக்கு நாற்காலி கேட்டோம். தையல் இயந்திரத்தின் முன் மயங்கி விழுந்ததற்காக வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைத்தாய்ச்சிக்கு மறுபடி வேலை கேட்டோம். ஆறாவதாக, உப்பு கேட்டோம். பணியாளர் அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தாராம். "உப்பா? கேன்டீன்ல போய்க் கேளுங்கம்மா!" என்றாராம்.

சிரிக்கட்டும். ஏன் கேட்டோம் என்று நான் சொல்கிறேன்.

அந்தப் பெண் மயங்கி விழுந்த வாரம், தையல் பிரிவில் முப்பத்தெட்டுப் பேர் ஒரே நாளில் இயந்திரங்களை நிறுத்துவது என்று முடிவு செய்தார்கள். காகிதத்தில் கையெழுத்து வாங்கலாமா? வாசலில் பையைக் கொட்டிப் பார்க்கிறார்கள். கைபேசியில் பேசலாமா? அதையும் வாங்கிப் பார்க்கிறார்கள். அப்போது ஒரு யோசனை வந்தது. விடுப்புக்கும் சம்பளச் சீட்டுக்கும் ஆலை ஒரு செயலி வைத்திருக்கிறதே, அதில் எல்லோரும் ஒரே கடவுச்சொல்லை வைத்துக்கொள்வது. ஒருத்தி கணக்கை இன்னொருத்தி அந்தச் சொல்லால் திறந்து பார்த்தால் போதும், சேர்ந்துவிட்டாள் என்று தெரியும். அதுவே கையெழுத்து. அதுவே சத்தியம்.

அந்தச் சொல்லை ஆலை அப்படியே எழுதி வைப்பதில்லை. கணினிக்குள் ஒரு மாவு இயந்திரத்தில் போட்டதுபோல் அரைத்து, வருகிற மாவை மட்டும் வைத்துக்கொள்ளும். மாவைப் பார்த்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியுமா? முடியாது. பத்திரம்தானே என்று நினைத்தோம். ஆனால் அதே அரிசியை அதே இயந்திரத்தில் முப்பத்தெட்டு முறை போட்டால்? முப்பத்தெட்டு முறையும் ஒரே மாவு!

ஏதோ நடக்கிறது என்று மோப்பம் பிடித்த அதிகாரி, செயலியின் பட்டியலைத் திறந்தார். ஆயிரத்து இருநூறு பெயர்கள். பெயருக்கு எதிரே மாவு இருக்கும் பத்தியை வரிசைப்படுத்தினார். அவ்வளவுதான்! முப்பத்தெட்டுப் பேரும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டாக வந்து நின்றார்கள். எல்லோரும் ஒரே பிரிவு. சொல் என்ன என்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையே இல்லை. மறுநாள் காலை முப்பத்தெட்டுப் பேருக்கும் வாசல் அடைபட்டது.

இதை எனக்கு விளக்கியவர், ஆலையின் கணினிப் பிரிவு வேலையை உதறிவிட்டு இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கை. "டீச்சர், கணக்குல நீங்க புலி, இதுல பூனை. உப்பு போடாம அரைச்சிருக்காங்க, அதான் மாட்டிக்கிட்டாங்க" என்றார். கணினிக்காரர்கள் உப்பு என்று சொல்வது என்ன? ஒவ்வொருவர் சொல்லோடும் ஆளுக்கு வேறாக, குருட்டாம்போக்கில் பொறுக்கிய சில எழுத்துகளைக் கலந்து அரைப்பது. சொல் ஒன்றுதான். உப்பு வேறு. ஆகவே மாவும் வேறு! முப்பத்தெட்டுப் பேரும் ஒன்றாக நின்றிருப்பார்கள், ஒருவன் கண்ணுக்கும் ஒன்றாகத் தெரிந்திருக்க மாட்டார்கள்.

என்னம்மா, பின்வரிசையில்? சத்தமாகக் கேள். "அந்த உப்பையும் பட்டியல்லயே பக்கத்துல எழுதி வெப்பாங்களாமே டீச்சர், பட்டியலைத் திருடற திருடன் அதையும் படிக்க மாட்டானா?"

நல்ல கேள்வி! படிப்பான், படிக்கட்டும். திருடன் என்ன செய்கிறான்? ஊரில் வழங்கும் லட்சம் சொற்களை முன்கூட்டியே அரைத்து ஒரு பட்டியலாக வைத்திருக்கிறான். நம் மாவை அதோடு ஒப்பிட்டால் நொடியில் சொல் கிடைக்கும். உப்பு போட்டால் அந்தப் பட்டியல் குப்பை. உனக்காக ஒருமுறை, எனக்காக ஒருமுறை, ஆயிரத்து இருநூறு பேருக்கும் தனித்தனியாக முதலிலிருந்து அரைக்க வேண்டும். அரைக்கட்டுமே! கை வலிக்கட்டுமே! அதற்காகப் பிள்ளை பெயரைக் கடவுச்சொல்லாக வைத்தால், அது இரண்டாவது முயற்சியிலேயே போய்விடும், உப்பு காப்பாற்றாது. இந்தப் பக்கம் ஏன் இத்தனை பேர் தலையைக் குனிகிறீர்கள்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாளை காலை எட்டு மணிக்குள் ஒரு கடிதம் கேட்கிறார்கள். ஒரே சொல் வைக்கும் யோசனையை முதலில் சொன்னது யார்? பெயரை எழுதிக் கொடுத்தால் மற்ற எல்லோரும் உள்ளே வரலாமாம். ஒரு தங்கையைத் தனியே கூப்பிட்டு, "ஒரே ஒரு பேரு போதும்மா" என்றாராம் அதிகாரி. இவள், "முப்பத்தெட்டுப் பேரு தர்றேன் சார், எழுதிக்கறீங்களா?" என்றாளாம்.

பதினோரு நாள்! அடுப்பு அணைந்த வீடுகள் உண்டு, அழுத பிள்ளைகள் உண்டு, ஒரு பெயர் வெளியே வரவில்லை! அந்த நெஞ்சுறுதிக்கு முன்னால் இனி நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியா?

எழுதிக்கொள்ளுங்கள்! அந்த யோசனை என்னுடையது. சங்க அறையில் மாலை வகுப்பு எடுக்கும் இந்தக் கிழவியுடையது. முப்பத்தாறு ஆண்டு கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், ஒரே எண்ணை ஒரே சூத்திரத்தில் போட்டால் ஒரே விடை வரும் என்பதை மறந்தேன். பிழை என்னுடையது. துணிச்சல் இவர்களுடையது!

"டீச்சர், ஏன் டீச்சர் சொன்னீங்க!" உட்காரம்மா, அழாதே. என்னை அவர்கள் என்ன செய்வார்கள்? வேலையைவிட்டு நீக்குவார்களா? நான் ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகிறது! வேன் தம்பி, நன்றாகப் பதிவாகிறதா?

நாளை எட்டு மணிக்குக் கடிதத்தை நானே கொண்டுபோகிறேன். கேட்டபடி ஒரே ஒரு பெயர், என் பெயர். சொன்ன வாக்குப்படி வாசலைத் திறக்கட்டும்! அதற்குக் கீழே ஆறு கோரிக்கைகள். ஆறில் ஒன்றையும் அடிக்க மாட்டோம், ஆறாவதை அடிக்கவே மாட்டோம்! நம் ஒற்றுமை நமக்குத் தெரிந்தால் போதும், அவர்கள் பட்டியலுக்குத் தெரிய வேண்டாம். இனி ஆளுக்கொரு சொல் வைப்போம், ஆளுக்கொரு உப்பு கேட்போம், எல்லோரும் ஒரே வாசலில் நிற்போம்!

அந்தப் பழைய சொல் என்ன என்று அதிகாரிக்கு இன்றுவரை தெரியாது. தெரியப்போவதும் இல்லை.

கால் கடுக்க நின்று கேட்டவர்களுக்கும், ஒலிபெருக்கிக்கு மின்சாரம் கொடுத்த எதிர்வீட்டுக்காரருக்கும் என் நன்றி. எட்டு மணிக்கு வாசலில் பார்ப்போம். வணக்கம்!