மோத்திக்குக் கற்றுக்கொடுத்தது

நாய் வளர்க்கிறவனுக்கு முதலில் வேண்டியது பொறுமைதான் சார். அடித்தால் நாய் பயப்படும், கற்றுக்கொள்ளாது. நான் மோத்தியை ஒரு நாளும் அடித்ததில்லை. லாங் ஐலண்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

மர டிப்போவில் வேலை செய்த ராஞ்சிக்காரன் ஒருவன் ஊருக்குக் கப்பலேறும்போது விட்டுப்போன குட்டி அது. அதற்கு இந்திதான் புரியும். என் மனைவி விசாலாட்சி மெயின்லேண்டை விட்டு இந்தத் தீவுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். குமாஸ்தா குவார்ட்டர்ஸில் எனக்கென்று இருந்தது மோத்தி ஒன்றுதான். சாயங்காலம் டிப்போ மூடியதும் நான் கைத்தடியை எடுத்துக்கொள்வேன், இரண்டு பேரும் கடற்கரை வழியாக நடந்துவிட்டு வருவோம்.

தொல்லை அந்த வழியில்தான் இருந்தது. வியாகுலத்தின் குடிசை அங்கே. தூத்துக்குடிப் பக்கத்து மீன்காரன். நல்ல மனுஷன்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சுறாவை அறுத்துக் குடலைப் பாதையிலேயே போட்டுவிடுவான். ஈ மொய்த்து, வெயிலில் ஊதி, பச்சையாகத் தண்ணீர் கசிந்துகொண்டு கிடக்கும். மோத்தி அதைத் தின்னும். தின்றது போக மீதியில் படுத்துப் புரளும். அப்புறம் அதே வாயால் என் கையை நக்க வரும். நான் மீன் தொடாதவன் சார். ஒரு நாள் பெருமாள் படத்துக்கு முன்னால் அத்தனையையும் கக்கியது. அதில் புழு நெளிந்தது. அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தேன். முறை சுலபம். மூடிய கையில் கருவாடு இருக்க வேண்டும். நாய் மோந்து பார்க்கும், நக்கும், பிராண்டும். நாம் அசையக் கூடாது. சலித்துப்போய் முகத்தைத் திருப்பும் பாருங்கள், அந்த நேரம் ‘சோடோ’, அதாவது விட்டுவிடு, என்று சொல்லி ஒரு துண்டு வெல்லம் கொடுக்க வேண்டும். பிறகு கருவாட்டைத் தரையில் வைக்கலாம், பிறகு நடக்கிற பாதையில் போடலாம்.

கருவாட்டை நான் எப்படித் தொடுவது? வியாகுலத்தைத்தான் கேட்டேன். சிரித்துக்கொண்டே வந்தான். அவன் கருவாட்டை வைத்துக்கொண்டு “ஆவோ மோத்தி, ஆவோ” என்று கூப்பிடுவான். நான் சோடோ என்பேன். மோத்தி அவனைப் பார்க்கும், என்னைப் பார்க்கும், அப்புறம் உட்கார்ந்துவிடும். மழைக்காலம் முடிவதற்குள் சுறாக் குடலைத் திரும்பிப் பார்க்காமல் தாண்டி நடக்கப் பழகிவிட்டது.

ஆனால் அவனை மட்டும் விடவில்லை. கருவாடு இல்லாமல் வெறும் கையை நீட்டினாலும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும். செதில் ஒட்டிய அந்தக் கையை நக்கும். அவனும் அதன் மூக்கில் முத்தம் கொடுப்பான். இவ்வளவு பாடுபட்டும் பாடம் அரைகுறையாக நிற்கிறதே என்று வருத்தம். பாபுஜிக்குப் பொறாமை என்று என்னைப் பற்றிக் குழந்தைவேலு சொன்னானாம். டிப்போ வாட்ச்மேனுக்கு நாயைப் பற்றி என்ன தெரியும்.

அன்றைக்குக் கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் ஓடை வற்றிச் சேறாகக் கிடந்தது. கரையோடு நடந்தோம். கண்டல் மரங்களுக்கு நடுவே வியாகுலம் இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டிருந்தான். நண்டு பிடிக்க இறங்கியவன்.

“ஐயா, நல்ல வேளை வந்திய. வேருக்குள்ள காலு மாட்டி முறுக்கிக்கிட்டு, அசைக்க முடியல. அந்தக் கம்ப நீட்டுங்க, கடல் ஏத்தம் வாரதுக்குள்ள ஏறிருதேன்.”

சேறு அழுகிய முட்டை மாதிரி நாறியது. அவன் மேலெல்லாம் கறுப்பாக வழிந்தது. கம்பை நீட்டினால் ஏறி வருவான், என் கையைப் பிடிப்பான், நன்றி சொல்லிக் கட்டிக்கூடக் கொள்வான். நான் இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே மோத்தி சேற்றில் இறங்கப் பார்த்தது. சோடோ என்றேன். நின்று உட்கார்ந்தது. வெல்லம் கொடுத்தேன்.

வியாகுலம் சிரித்தான். “இங்கயும் பாடமா ஐயா? நல்லாருக்கு. ஆவோ மோத்தி, ஆவோ.” அவனாகவே கையை நீட்டிக் கூப்பிட்டான். பாடத்தில் அவன் வேலை அதுதானே. என் மனம் கோணக் கூடாதென்று அதையும் ஒழுங்காகச் செய்தான். மோத்தி எழுந்தது. சோடோ. உட்கார்ந்தது. இப்படி ஒரு சந்தர்ப்பம் மறுபடி வாய்க்காது என்று எனக்குத் தோன்றியது.

அங்கே தண்ணீர் சத்தமில்லாமல் ஏறும். மார்புக்கு வந்ததும் அவன் சிரிப்பை நிறுத்தினான். “ஐயா, வெளையாட்டு போதும். வீட்டுல அமுதம் புள்ளத்தாச்சியா இருக்கா” என்றான். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டு நாயை மட்டும் கூப்பிட்டான். அந்தக் குரல் கேட்க நன்றாக இல்லை. மோத்தி முனகியது, உடம்பெல்லாம் நடுங்கியது, ஆனால் இடத்தை விட்டு எழவில்லை. நான் அதன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். வெல்லம் தீரும்வரை கொடுத்தேன். அதற்குள் கூப்பிடும் சத்தமும் நின்றுவிட்டது.

திரும்பும்போது குழந்தைவேலு டிப்போ வாசலில் நின்றான். “அந்தப் பக்கம் யாரோ கத்துன மாதிரி இருந்துச்சே பாபுஜி” என்றான். பறவையாக இருக்கும் என்றேன். வீட்டுக்கு வந்து மோத்தியின் காலைக் கழுவினேன். நானும் குளித்துவிட்டு விளக்கேற்றினேன்.

கரையில் என் செருப்புத் தடம் எப்படி வந்தது என்று கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். நான் அவனைத் தள்ளவில்லை. ஆனால் கம்பு என் கையில் இருந்தது. நீட்டியிருந்தால் பிழைத்திருப்பான். தெரிந்தேதான் நீட்டவில்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்று காலை லாஞ்சில் ஏற்ற என்னை ஜெட்டிக்குக் கூட்டிவந்தீர்களே, அப்போது மோத்தி அமுதத்தின் காலடியில் படுத்திருந்தது. உங்கள் கான்ஸ்டபிள் எனக்குத் தந்த பிஸ்கட்டை அதனிடம் நீட்டினேன். கிட்ட வந்து மோந்தது. என்னைப் பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அவளிடமே போய்ப் படுத்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் ஏதோ முணுமுணுத்தார்கள். ஒருவன் காறித் துப்பினான். அவர்களெல்லாம் நாய் பழக்கியவர்கள் இல்லை. நீங்களாவது கவனித்திருப்பீர்கள் சார். நான் சோடோ என்று சொல்லவே இல்லை. சொல்லாமலே விட்டுவிட்டது, அவ்வளவு நன்றாகப் பழகியிருக்கிறது.