எண்பத்தேழுக்கு ஒரு குலவை

நஷ்வா: குலவை போட்டீங்களா? ஆஸ்பத்திரி வராந்தாவுலயா?

உம்மு சப்ரீன்: பின்ன? எண்பத்தேழுன்னு டாக்டரம்மா சொல்றாங்க. எம்பொண்ணு பள்ளிக்கூடத்துல சேந்ததுலேருந்து இருபதைத் தாண்டுனதில்ல, மிஸ். வாய் தானா போட்டுருச்சு.

நஷ்வா: யாரும் ஒண்ணும் சொல்லலையா?

உம்மு சப்ரீன்: நர்சு ஓடியாந்தா. "இங்க என்ன நிச்சயதார்த்தமா நடக்குது"ன்னா. ஒரு கிழவி மட்டும் கூடச் சேர்ந்து போட்டா. பாவம், எதுக்குன்னே அவளுக்குத் தெரியாது.

நஷ்வா: யா ரப்பி...

உம்மு சப்ரீன்: வீட்டுக்கு வந்து ரோஸ் சர்பத் கலக்கினேன். எங்க சந்து பூராவும் குடிச்சுது. சப்ரீன் அப்பா இஸ்திரி கடையில அன்னிக்கு ரெண்டு சட்டையைக் கருக்கிட்டாரு, சந்தோஷத்துல.

நஷ்வா: இங்க உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல.

உம்மு சப்ரீன்: என்ன மிஸ், மூஞ்சி இப்படி இருக்கு? எண்பத்தேழு, மிஸ்!

நஷ்வா: அதான் பிரச்சினையே.

உம்மு சப்ரீன்: நூத்துக்குத்தானே எண்பத்தேழு?

நஷ்வா: எத்தனைக்கும் இல்ல. இது பரீட்சையே இல்லைங்க. புள்ளையோட புத்தி எவ்வளவு வேகமா ஓடுதுன்னு அளந்து பாக்கறது. எண்பத்து நாலு வரைக்கும் வந்தாத்தான் நம்ம பொண்ணுக்குத் தனித் தாள். அதுக்கு மேல ஒண்ணு வந்தாலும் கிடையாது.

உம்மு சப்ரீன்: மேல வந்தா நல்லதுதானே?

நஷ்வா: நல்லதில்ல.

உம்மு சப்ரீன்: கூட எடுத்தா ஃபெயிலா?

நஷ்வா: அப்படித்தான் வச்சுக்குங்களேன்.

உம்மு சப்ரீன்: இது எந்த ஊரு நியாயம்?

நஷ்வா: இந்த தமன்ஹூர் நியாயம்தான். அவளோட தனித் தாள் ஃபைலை மூடிட்டாங்க, கடுதாசி வந்திருக்கு. மே மாசம் மத்தப் புள்ளைங்க எழுதற அதே தாளைத்தான் சப்ரீனும் எழுதணும்.

உம்மு சப்ரீன்: எழுதட்டுமே. மூணு வருசமா நீங்க சொல்லித் தர்றீங்க...

நஷ்வா: உம்மு சப்ரீன், ஒரு வரி எழுத அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பாசத்தைத் தள்ளி வச்சுட்டுச் சொல்லுங்க.

உம்மு சப்ரீன்: ...ஒரு டீ கொதிக்கற நேரம்.

நஷ்வா: பெரிய பாத்திரத்துலயா, சின்னதுலயா?

உம்மு சப்ரீன்: பெரிசுலதான்.

நஷ்வா: அந்தத் தாள்ல கட்டுரை மட்டும் ஒரு பக்கம். அப்புறம் கடிதம், இலக்கணம், கவிதைக்கு விளக்கம். தனித் தாள்னா சரியான விடையை வட்டம் போட்டாப் போதும், கோடு இழுத்து இணைச்சாப் போதும். கேள்வியைப் படிச்சுக் காட்டப் பக்கத்துல ஒரு ஆள் இருப்பாங்க. அதெல்லாம் போச்சு.

உம்மு சப்ரீன்: போச்சுன்னா?

நஷ்வா: ஃபெயிலாவா. திரும்ப எழுதுவா, திரும்ப ஃபெயிலாவா. அப்புறம் பேரை அடிச்சுருவாங்க.

உம்மு சப்ரீன்: அவ சேரணும்னு இருக்கற தையல் பள்ளிக்கூடம்? அதுக்கு இந்த சர்டிபிகேட் வேணுமே.

நஷ்வா: வேணும்.

உம்மு சப்ரீன்: அவ இப்பவே கத்தரிக்கோல் வாங்கி வச்சிருக்கா, மிஸ். தலையணைக்கு அடியில வச்சுத் தூங்கறா. குத்திக்கப் போறான்னு நான்தான் தினம் எடுத்து வைக்கறேன்.

நஷ்வா: எங்கிட்டயும் காட்டினா. காட்டறேன்னு என் வருகைப் பதிவேட்டு ஓரத்தை வெட்டிட்டா.

உம்மு சப்ரீன்: இப்ப என்ன பண்றது? சர்பத் குடிச்சவங்க வயித்துலேருந்தா திரும்ப எடுக்க முடியும்? ஏதாவது வழி சொல்லுங்க.

நஷ்வா: மனு போடலாம். திரும்பவும் அளக்கச் சொல்லிக் கேக்கலாம். பதினஞ்சு நாள் கெடு, இன்னிக்குப் பத்தாவது நாள். ஆனா காரணம் எழுதணும். ரெண்டு வருசம் முன்னாடி, உங்களுக்கு நம்பர் சொல்லாமலே ஃபைல்ல போட்டாங்களே, அப்ப எழுபத்து ரெண்டு வாங்கின புள்ளைக்கு இப்ப எப்படி எண்பத்தேழு வந்துச்சுன்னு.

உம்மு சப்ரீன்: மீன்.

நஷ்வா: என்னது?

உம்மு சப்ரீன்: டெஸ்டுக்கு முன்னாடி மூணு நாளும் புல்தி மீன் பொரிச்சுக் குடுத்தேன். மூளைக்கு நல்லதுன்னாங்க. ரெண்டாவது நாள் தலையையும் தின்னா.

நஷ்வா: மீன் தின்னா பதினஞ்சு ஏறாது. ஏறும்னா முதல்ல நம்ம ஹெட்மாஸ்டருக்குத்தான் ஒரு கூடை வாங்கிட்டுப் போவேன்.

உம்மு சப்ரீன்: மெதுவா பேசுங்க, அடுத்த ரூம்லதான் இருக்காரு.

நஷ்வா: கேக்கட்டும். உண்மையைச் சொல்லுங்க. டியூஷன் வச்சீங்களா?

உம்மு சப்ரீன்: எதுக்கு டியூஷன்?

நஷ்வா: இந்த ஊர்ல எதுக்குத்தான் டியூஷன் இல்ல? கணக்குக்கு, அரபிக்கு, மதப் பாடத்துக்கு... இதுக்கும் ஆள் இருக்கும். டெஸ்டுல இன்ன கட்டை வரும், இப்படி அடுக்கணும்னு பழக்க. அப்படிப் பழக்கிட்டா அளவு தப்பா வரும், புரியுதா? புத்தியை அளக்காம பழக்கத்தை அளந்துட்டு வந்துருவாங்க.

உம்மு சப்ரீன்: எனக்கு அப்படி யாரையும் தெரியாது.

நஷ்வா: நெஜமாவா?

உம்மு சப்ரீன்: நெஜமாத்தான். ...அப்படிப் பழக்கினவங்களை என்ன பண்ணுவாங்க, மிஸ்?

நஷ்வா: வீட்டு ஆளுன்னா கூப்பிட்டுத் திட்டுவாங்க. இனிமே செய்யமாட்டேன்னு எழுதி வாங்கிக்குவாங்க. ஃபைல்ல ஒரு கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான்.

உம்மு சப்ரீன்: பள்ளிக்கூடத்து ஆளுன்னா?

நஷ்வா: ஏன் கேக்கறீங்க?

உம்மு சப்ரீன்: சும்மாத்தான்.

நஷ்வா: விசாரணை வைப்பாங்க. எங்கேயாவது பாலைவனத்து ஓரப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போடுவாங்க.

உம்மு சப்ரீன்: ம்... ஆஸ்பத்திரியில ஒரு அம்மாவைப் பாத்தேன், மிஸ். பார்மசிக்காரர் பொண்டாட்டி. பையனைக் கூட்டிட்டு வந்திருந்தா. அவன் காதுல "கலர் என்னன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லு, கட்டையைத் தள்ளி விட்டுரு"ன்னு ஓதிக்கிட்டே இருந்தா. நான் நினைச்சேன், பாவம், தாய்க்கே புத்தி சரியில்ல போலன்னு.

நஷ்வா: அந்தம்மாவுக்குப் புத்தி ரொம்பச் சரியா இருக்கு. அவன் இங்க பத்தாவது 'பி'. சதுரங்கத்துல மாவட்டத்துக்கே ரெண்டாவது.

உம்மு சப்ரீன்: வல்லாஹி?

நஷ்வா: எழுபத்தொண்ணு வாங்கியிருக்கான். ஃபைல் திறந்தாச்சு. இனிமே அவனுக்குத் தனித் தாள். வட்டம் போட்டுட்டு, மார்க்கை அள்ளிக்கிட்டு, மருத்துவத்துக்குப் போவான். நம்ம பொண்ணு கட்டுரை எழுதணும். என் ரூமை இவனுங்களுக்குத்தான் திறந்து வச்சிருக்கேன்!

உம்மு சப்ரீன்: மெதுவா, மெதுவா...

நஷ்வா: என்ன மெதுவா? எங்கப்பா கழுதை வண்டியில காஸ் சிலிண்டர் வித்தவர். எங்க குடும்பத்துல காலேஜ் வாசலை மிதிச்ச மொத ஆளு நான். நாலு வருசம், சப்ரீன் மாதிரிப் புள்ளைங்களுக்குச் சொல்லித் தர்ற படிப்பைத்தான் படிச்சேன். படிச்சு முடிச்சு வந்தா, மேல இருந்து கொடுத்தது என்ன தெரியுமா? கதவுல மாட்ட ஒரு போர்டு. 'உதவி வகுப்பறை'. உள்ள வந்து பாத்தா உடைஞ்ச பெஞ்சு, ஒரு ஈரத் துடைப்பம். ஒரு பொம்மை இல்ல, ஒரு பெரிய எழுத்துப் புத்தகம் இல்ல.

உம்மு சப்ரீன்: தெரியும் மகளே. அந்தத் துடைப்பத்தை வச்சு மொத நாள் கூட்டினது நான்தானே.

நஷ்வா: பொய் சொல்றவனுக்குத்தான் இங்க கதவு திறக்குது. அதான் எரியுது.

உம்மு சப்ரீன்: உங்களுக்கு முன்னாடி இருந்த மிஸ், சப்ரீனை டீ வாங்கத்தான் அனுப்புவாங்க. சில்லறையைச் சரியாக் கொண்டு வரலைன்னு காதைத் திருகுவாங்க. அவளுக்குச் சில்லறை எண்ணத் தெரிஞ்சதே இந்த ரூம்லதான். ...அந்த எண்பத்தேழு மொத்தமும் பொய்யா, மிஸ்?

நஷ்வா: இல்ல. கட்டையை அடுக்க அவ நெஜமாவே கத்துக்கிட்டா. படத்துல என்ன காணோம்னு சொல்லக் கத்துக்கிட்டா. கட்டுரை எழுதக் கத்துக்கல. அதுக்கு இன்னும் நாள் வேணும். அந்த நாளைத்தான் கேக்கறோம்.

உம்மு சப்ரீன்: அப்ப மனுவை எழுதுங்க.

நஷ்வா: எழுதிட்டேன். நீங்க வர்றதுக்கு முன்னாடியே. கீழ உங்க கையெழுத்துதான் பாக்கி. மைப் பெட்டி இந்தாங்க, கட்டை விரலை...

உம்மு சப்ரீன்: விரல் எதுக்கு? எங்கிட்ட முத்திரை இருக்கு. பித்தளை. கல்யாணத்தப்ப எங்கப்பா என் பேரு போட்டுச் செஞ்சு குடுத்தாரு. கைரேகை வச்சா ஆபீசுல ஒரு மாதிரியாப் பாக்கறானுங்க, முத்திரை வச்சா நாற்காலி போடறானுங்க. ...எங்க வைக்கணும்?

நஷ்வா: இந்தக் கோட்டுக்கு மேல.

உம்மு சப்ரீன்: என்ன எழுதியிருக்கீங்க?

நஷ்வா: வழக்கமா எழுதறதுதான்.

உம்மு சப்ரீன்: படிச்சுத்தான் காட்டுங்களேன்.

நஷ்வா: ஆபீஸ் பாஷைங்க. எனக்கே பாதி புரியாது.

உம்மு சப்ரீன்: நீங்க எழுதினா சரி. பிஸ்மில்லா... நேரா விழுந்துச்சா?

நஷ்வா: விழுந்துச்சு.

உம்மு சப்ரீன்: எப்ப கூப்பிடுவாங்க?

நஷ்வா: ஒரு வாரத்துல. டீ சொல்லவா?

உம்மு சப்ரீன்: வேணாம், நோன்பு.

நஷ்வா: செவ்வாக்கிழமையில என்ன நோன்பு?

உம்மு சப்ரீன்: பரிகார நோன்பு. பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன், மூணு நாள் வைக்கணும்னு ஷேக் சொன்னாரு. இன்னிக்கு மூணாவது.

நஷ்வா: யார்கிட்டப் பொய்ச் சத்தியம்?

உம்மு சப்ரீன்: சொன்னாத் திட்டக் கூடாது.

நஷ்வா: சொல்லுங்க.

உம்மு சப்ரீன்: டெஸ்ட் அன்னிக்கு டாக்டரம்மா பெட்டியைத் திறந்தாங்களா... சப்ரீன் சிரிச்சுட்டா. "இது மிஸ் நஷ்வா கட்டை!"ன்னு கத்திட்டா. சிவப்பு, வெள்ளை, பாதி சிவப்பு பாதி வெள்ளை. அப்படியே இந்த அலமாரியில இருக்கறதுதான். டாக்டரம்மா கொட்டி முடிக்கறதுக்குள்ள அடுக்கிட்டா.

நஷ்வா: என் கட்டைன்னே சொன்னாளா?

உம்மு சப்ரீன்: எனக்கும் தெரியுமே. தச்சர் ஹம்திகிட்ட சொல்லி நீங்க செய்ய வச்சது. அவரு சட்டை எங்க கடைக்குத்தான் வரும்.

நஷ்வா: டாக்டரம்மா என்ன கேட்டாங்க?

உம்மு சப்ரீன்: நஷ்வா யாருன்னாங்க. என் தங்கச்சின்னேன். பள்ளிக்கூடத்துல யாராவது இதை வச்சுப் பழக்கறாங்களான்னாங்க. வல்லாஹி இல்லவே இல்லன்னு தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டேன். வெளிய வந்து சப்ரீன்கிட்டயும் வாயை மூடுடின்னுட்டேன். நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க? ரூம்ல ஒண்ணும் இல்ல, எங்கயோ பாத்ததைச் செஞ்சு வச்சு சொல்லிக் குடுத்தீங்க.

நஷ்வா: பயிற்சிக்குப் போனப்ப பாத்தேன். கையில அளவெடுத்துட்டு வந்தேன். அது டெஸ்டுப் பெட்டின்னு தெரிஞ்சுதான் செஞ்சேன். வேற எதுவும் எனக்குக் கிடைக்கல.

உம்மு சப்ரீன்: அதைத்தான் சொல்றேன்.

நஷ்வா: இவ்வளவு நேரம் நான் துருவித் துருவிக் கேட்டேனே. எங்கிட்ட ஏன் சொல்லல?

உம்மு சப்ரீன்: சொன்னா நீங்க அப்படியே எழுதிருவீங்களே! உங்க வாய் அப்படி. ஹெட்மாஸ்டரையே நேருக்கு நேர் பேசறவங்க. உங்களுக்குப் பொய் வராது, மிஸ். உங்களைத் தூக்கிட்டா இந்த ரூம்ல திரும்பத் துடைப்பம்தான் நிக்கும். அதான், எழுதி முத்திரை வைக்கற வரைக்கும் வாயைத் திறக்கல. வர்றேன், மகளே... கடையில துணி கிடக்கு.

நஷ்வா: உக்காருங்க. முத்திரையை உள்ள வைக்காதீங்க, திரும்ப வேணும். "தாயார் ஆள் வைத்து, தேர்வுக் கட்டைகளைக் குழந்தைக்குப் பழக்கினார்"... இதுதான் நான் எழுதியிருக்கறது, உம்மு சப்ரீன். கடுதாசி பாத்த நிமிஷமே அது என் கட்டைதான்னு எனக்குத் தெரியும். உங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னும் தெரியும். அதைக் குடுங்க இப்படி, கிழிச்சுடறேன்... வேற எழுதறேன், என் பேரைப் போட்டு. இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தையும் சத்தமாப் படிச்சுக்கிட்டே எழுதறேன், கேட்டுக்குங்க.