வால் நுனி

கடல் தாண்டிப் பிழைக்கப் போன நாட்டில் சண்டைக்காலம். கூலி வேலை தேடி டான் சோன் நாட் விமான நிலையத்துக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். மணல்மூட்டைச் சாவடியில் சிப்பாய்கள் பஸ்ஸை நிறுத்தினார்கள். முன் இருக்கையில் காரைக்கால் தமிழ் கேட்டது.

"தலையத் தின்னுட்டா, மச்சான்."

சொன்ன இளைஞனின் மடியில் ஓட்டை போட்ட பிஸ்கட் டப்பா; பக்கத்தில் அவன் மச்சான். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு பச்சைக் கும்பிடுபூச்சி, தன் ஆண் ஜோடியை மென்றுகொண்டிருந்தது.

"ரெண்டையும் ஏன் ஒண்ணாப் போட்டீங்க?" என்றான் இளைஞன்.

"ரெண்டு டப்பான்னா துப்பாக்கி வச்ச சொல்தாவுக்குச் சந்தேகம் வரும்னுதான், மாப்புள."

"ஆண் இல்லாம எந்த இனம்னு எழுத முடியாதுன்னாரு பூச்சி ஆராயுற வெள்ளக்கார முசே. கொண்டாந்தா பாரிஸ் மியூசியத்துல வேலைக்குக் கடுதாசி தர்றேன்னாரு. இப்ப பிளேன் ஏறிடுவாரு."

"எதப் பாத்து இனம் சொல்லுவாரு?"

"வால் நுனிய."

"அத இன்னும் திங்கலயே!"

இளைஞன் டப்பாவுக்குள் கையை விட்டு மிச்சத்தைப் பிடுங்கினான். விரலில் ரத்தம். அதற்குள் சிப்பாய் வந்து, மூடிய கையில் குண்டோ என்று துப்பாக்கியை நீட்டினான்.

"திறந்துடு மாப்புள, சுட்டுடுவான்!"

"அவன் பூச்சியத் தட்டி விட்டுட்டா?"

"திற!"

இளைஞன் மெல்லத் திறந்தான். தலையில்லாத பாதிப் பூச்சி. சிப்பாய் முகம் சுளித்து நகர்ந்தான்.

"வால் இருக்கா?"

"இருக்கு மச்சான். இன்னும் துடிக்குது."