ராஜா கொடி

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்… என் தோழி தாஹிராவின் அண்ணன் காலித்துக்கு நடந்தது இது.

போன வருஷம். ராத்திரி ஒன்பது மணி இருக்கும். லாரி ஸ்டிரைக். எண்ணூர் ரோட்டில் ஒரு கண்டெய்னர் வண்டிகூட இல்லை… அலைச் சத்தம் மட்டும். காலித் தனியாக நடந்துகொண்டிருந்தான்.

திருவொற்றியூரில் ஒரு மைதானத்தில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். முகப்பு, லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனை. பெயின்ட் அடித்தது காலித்தான். முன்பக்கம் மட்டும்தான் அரண்மனை… ஜன்னல்கள்கூட வரைந்தவை. பின்னால் வெறும் சவுக்குக் கட்டைகள்.

முதலாளி தேசப்பன் இரண்டு கொடி தைத்து வைத்திருந்தார். லண்டனில் ராஜா அரண்மனைக்குள் இருந்தால் சிங்கம் போட்ட கொடி பறக்குமாம். இல்லாத நாளில் சாதாரணக் கொடி. சிங்கக் கொடியைத் திறப்பு விழா அன்று மட்டும் ஏற்றினார்கள்.

அன்று பேய்க்காற்று. பொருட்காட்சியை மூடிவிட்டார்கள். கொடி கிழிந்துவிடும், இறக்கி வைப்போம் என்றுதான் காலித் போனான்.

தெருவிளக்கு வெளிச்சத்தில் மேலே பார்த்தான்… சிங்கம்.

தேசப்பனுக்குப் போன் போட்டான். “இன்னா நைனா, ராஜா கொடிய ஏத்தி வுட்டுகீற?”

“அத்த அன்னிக்கே வூட்டுக்கு எட்த்துகினு வந்துட்டனே. பீரோவுல கீது. ஏன்டா?”

அப்போதுதான் காலித்தின் மூக்கில் ஏறியது… அந்துருண்டை வாசனை… பழைய பட்டு வைத்த பெட்டியைத் திறந்ததுபோல. அவன் வரைந்த ஜன்னல் ஒன்றில் மஞ்சள் வெளிச்சம். உள்ளே யாரோ நடந்தார்கள். டக்… டக்… மரத்தரையில் பூட்ஸ். பின்னால் தரையே கிடையாதே!

பால்கனிக் கதவு மெல்லத் திறந்தது. அவன் தூரிகையால் இழுத்த வெறும் கோடு அது.

ஓடத்தான் நினைத்தான். முடியவில்லை. ஏனென்றால் அவன் முதுகுக்குப் பின்னால்… அந்தக் காலி மைதானத்தில்… பெருங்கூட்டம் ஒன்று மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம். அப்புறம் கைதட்டல். அவன் கைகளும் தாமாகவே தட்டின.

விடியற்காலை தேசப்பன் வந்தபோது மேலே சாதாரணக் கொடிதான் பறந்தது. கீழே காலித் இன்னும் தட்டிக்கொண்டிருந்தான். உள்ளங்கையெல்லாம் ரத்தம்.

முகப்பைப் பிரித்துவிட்டார்கள். காலித்தும் தேறி வேலைக்குப் போகிறான். ஒன்றே ஒன்றுதான்… சில நேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து நிற்பான். பெரிய மனிதர் யாரோ வந்து உட்காரும்வரை நிற்பதுபோல. பிறகு உட்காருவான்.

நேற்று தாஹிரா வீட்டில் சாப்பிடும்போதும் எழுந்தான். சோறு பிசைந்த கையோடு.

“இன்னாண்ணா?” என்றாள் தாஹிரா.

அவன் வாசலையே பார்த்தான். சட்டென்று அவள் தோளைப் பிடித்து இழுத்துச் சுவரோரமாக நிறுத்தினான். தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னான்.

“வழி வுடு.”