செம்புத் தகட்டில் ஐந்து விரல்

மேடையின் நடுவே மேன்மையாய் வீற்றிருக்கும் சேகரகுரு ஐயா அவர்களே! விஸ்வநத்தம் சபையின் விளக்குத் தண்டுகளாகிய மூப்பர்களே! விடியுமுன் கம்பெனி வேன் ஏறி, வெயில் சாய வீடு திரும்பி, அதற்குப் பிறகும் அசன விருந்துக்கு மூட்டை மூட்டையாய் வெங்காயம் உரித்த தாய்மார்களே! உரித்தபோது அழுததே போதும். இப்போது நீங்கள் சிரிக்க வேண்டும்! பந்தலுக்குப் பின்னே கொதிக்கின்ற சாம்பாரே, உனக்கும் என் பணிவான வணக்கம்! ஏனென்றால் இன்று என் பேச்சுக்கு மணி அடிக்கப்போவது நீதான்!

'வழுவாத வாழ்வு' என்று ஐயா தலைப்புத் தந்தார்கள். நானோ கைநாட்டு. பார்த்துப் படிக்கச் சீட்டு கிடையாது. ஞாபகம் மட்டும் உண்டு. அது பட்டாசு மருந்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்த ஞாபகம். லேசாய் உரசினாலும் பற்றிக்கொள்ளும்!

பட்டாசு மருந்து கலக்கும் அறைக்குள் நுழையுமுன் என்ன செய்ய வேண்டும்? சொல்லுங்கள்! ஆம், வாசலில் பதித்த செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைக்க வேண்டும். உடம்பில் ஏறிய மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். இறங்காமல் உள்ளே போனால்? ஒரே பொறி போதும், அறையே வெடித்துப்போகும்! உங்களுக்கா நான் விளக்க வேண்டும்?

வேலைக்குச் சேர்ந்த அன்று உள்ளங்கை முழுவதையும் வைத்தேன். வைத்துக்கொண்டே ஜெபமும் செய்தேன். இரண்டாம் வருடம் மூன்று விரல். பத்தாம் வருடம் ஒரே விரல். அதன் பிறகு நகம்! இருபத்திரண்டாம் வருடம் தகட்டுக்கும் எனக்கும் ஒரு முழம் தூரம். போகிற போக்கில் கையை அசைப்பேன், அவ்வளவுதான்!

வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? முழங்காலில் நின்ற ஜெபம் கட்டிலில் உட்கார்ந்தது. கட்டிலில் உட்கார்ந்தது வேனில் ஏறியது. வேனில் ஏறியது, சாத்தூர் ரோட்டு வளைவு வருவதற்குள் 'ஸ்தோத்திரம்' என்ற ஒற்றைச் சொல்லாய் இறங்கிப்போனது! ஆண்டவரே, நான் உம்மை விட்டுப் போகிறேன் என்று என்றைக்காவது சொன்னேனா? சொல்லவில்லையே! விரல் விரலாகத்தானே விலகினேன்! யாரம்மா அங்கே குனிந்து சிரிப்பது? முத்துமாரியா? சிரி தாயே, உன் வேனும் அதே வளைவில்தான் திரும்புகிறது!

தை மாதம், மூன்றாம் செவ்வாய். வறண்ட வாடைக்காற்று. மின்சாரம் ஏறாத பருத்திச் சட்டைதான் போட வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். நானோ கிறிஸ்மஸுக்கு எடுத்த பாலியஸ்டர் சட்டையில் பளபளவென்று வந்தேன். இன்று ஒரு நாள்தானே என்று ஓர் எண்ணம். வழக்கம்போல் தகட்டுக்குக் கையசைத்தேன். உள்ளே பொன்னுத்தங்கமும் முனியராஜும் மருந்து சலிக்கிறார்கள். வாசலை மறித்து நின்றாள் சின்னத்தாய். எங்களோடு வேலை பார்த்தவள், மாரியம்மனைக் கும்பிடுகிறவள்.

"அண்ணாச்சி, தகட்டத் தொட்டீகளா, இல்ல அதுக்கு டாட்டா காட்டிட்டு வாரீகளா?"

"தொட்டேன் தாயி."

"எங்கன தொட்டீக? பாத்துக்கிட்டுத்தான நிக்கேன். போங்க, அஞ்சு விரலும் பட வச்சிட்டு வாங்க."

"இருவத்திரெண்டு வருசமா மருந்து கலக்குதேன். எனக்கேவா?"

"அம்புட்டு வருசத்தையும் உள்ள இருக்க மருந்துகிட்டச் சொல்லிப் பாருங்க, எந்திரிச்சு நின்னு மரியாத குடுக்குதான்னு!"

உள்ளேயிருந்து முனியராஜ், "யக்கா, விடுங்க. லோடு வண்டி வந்து நிக்கி."

"ஏலே, நீ பேசாம சல்லடையப் பாருலே! இவுக தொடாம உள்ள வந்தா லோடோட சேத்து உன்னையும் ஏத்தணும்!"

முணுமுணுத்துக்கொண்டே திரும்பினேன். கையை நீட்டினேன். தகட்டை எட்டுவதற்கு நூலளவு முன்னே, பட்! நீல நிறத்தில் ஒரு பொறி என் விரலைக் கடித்தது!

அன்பர்களே! எறும்பு கடித்த வலிதான். ஆனால் அந்தப் பொறி நாலடி தள்ளி, அறைக்குள்ளே பறந்திருந்தால்? பொன்னுத்தங்கம் எங்கே? முனியராஜ் எங்கே? இன்று மைக்கைக் கடித்துக்கொண்டிருக்கும் இந்த வாய் எங்கே?

சின்னத்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் கலந்து கேட்டாள்: "ஏன் அண்ணாச்சி, ஒங்க சாமிக்கும் இப்பிடித்தான் டாட்டா காட்டுதீகளா?"

நெஞ்சுக்குள் விழுந்தது அடி! மதியம், தூக்குச்சட்டியைத் திறக்காமல் வேப்பமரத்தடியில் முழங்காலிட்டேன். 'ஸ்தோத்திரம்' என்றேன். அடுத்த சொல் வரவில்லை ஐயா! தேடினேன், வரவில்லை! எவ்வளவு தூரம் விலகியிருந்தேன் என்று அப்போதுதான் கண்டேன். கடைசியில் வந்தவை மூன்று பெயர்கள்: பொன்னுத்தங்கம், முனியராஜ், சின்னத்தாய். அந்த மூன்று பெயர்களை வைத்துத்தான் மறுபடி ஜெபிக்கப் பழகினேன்!

ஆகவே கேட்கிறேன்: உங்கள் வாசலை மறிக்க ஓர் ஆள் உண்டா? மூப்பரே, உங்களை? சங்கீதம் பாடும் தங்கையே, உன்னை? ஐயா, கோபிக்காதீர்கள், தங்களை? தன் விலகல் தனக்குத் தெரியாது! தள்ளி நிற்பவர் கண்ணுக்குத்தான் தெரியும்! இன்றைக்கே ஒருவரைப் பிடியுங்கள். 'நான் தொடாமல் வந்தால் உள்ளே விடாதே' என்று உரிமை கொடுங்கள்! அவர் மறிக்கும்போது மட்டும் வருடக் கணக்குப் பேசாதீர்கள்!

எனக்கு அந்த ஆள் இன்றும் உண்டு. ஞாயிறுதோறும் சின்னத்தாய் பஸ்ஸுக்குப் போகிற வழியில் நம் சபைக் கோயில் வாசலில் நிற்பாள். "அஞ்சு விரலா அண்ணாச்சி?" என்பாள். "அஞ்சும்தான் தாயி" என்ற பிறகே நகர்வாள். இன்று அசனத்துக்கும் வந்திருக்கிறாள். அதோ, தூணோரம், கையை உயர்த்தி ஏதோ சொல்கிறாள். என்ன தாயி?

"பேசுனது போதும் அண்ணாச்சி, சோறு ஆறுது!"

மறித்துவிட்டாள்! திரும்புகிறேன்! பொறுத்துக் கேட்ட பெரியோருக்கும், சிரித்துக் கேட்ட தாய்மாருக்கும், ஐந்து விரலும் பட, உள்ளங்கை முழுதும் சேர, என் நன்றி! என் ஸ்தோத்திரம்!